வழிதவறிய வண்டி: நகைச்சுவை நாவலில் நாட்டுப்புறப் பயணம்

எதிர்பாராமல் வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருவர், முன்பின் அறியாத நாட்டுப்புறத்தில் அலைந்து, பல இடங்களில் அடிபட்டும் அவமானப்பட்டும் ஊர் திரும்புவதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கதை, நாவல் என்னும் வடிவம் தோன்றிய காலந்தொட்டே அதனுடன் இருந்து வருகிறது. ஸ்பெயினின் செர்வாந்தேஸ், இங்கிலாந்தின் ஃபீல்டிங், டிக்கன்ஸ், ஜப்பானின் ஜிப்பென்ஷா இக்கு, ருஷ்யாவின் கோகோல், பின்லாந்தின் பாசிலின்னா என மொழியாலும் நூற்றாண்டாலும் விலகி நிற்கும் எழுத்தாளர்கள் இந்த ஒரே அமைப்பை மீண்டும் மீண்டும் எடுத்தாண்டிருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. நகைச்சுவை நாவல் ஏன் இவ்வளவு விடாப்பிடியாக நாட்டுப்புறச் சாலையை நாடுகிறது, அந்தச் சாலையில் எழும் சிரிப்பு யார்மீது விழுகிறது, எந்த நாவல்களில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது, எவற்றில் வற்றிப்போயிற்று என்பனவே இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்வது நல்லது. 1554இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'லாசரில்லோ தே தோர்மெஸ்' என்னும் ஸ்பானிய நூலைத் தொடக்கமாகக் கொண்டு 'பிக்காரெஸ்க்' என்னும் வகை வளர்ந்தது. வயிற்றுப்பாட்டுக்காக எசமானர்களை மாற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் ஏழைப் போக்கிரி ஒருவன் தன் கதையைத் தானே சொல்வது அதன் அடிப்படை. இங்கே பேசப்படும் நாவல்களை அந்த வகையோடு சேர்த்துவிடும் வழக்கம் திறனாய்வாளர்களிடம் உண்டு. ஆயினும் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. லாசரில்லோ பசியால் நடக்கிறான். செர்வாந்தேஸின் தொன் கிஹோத்தேக்கோ வீட்டில் சோறு இருந்தது, கவனித்துக்கொள்ள மருமகளும் வேலைக்காரப் பெண்மணியும் இருந்தார்கள். வீட்டில் இருந்திருக்கலாம் என்ற நிலையில் இருப்பவர் வெளியே இழுக்கப்படுவதிலிருந்துதான் பயண நகைச்சுவை பிறக்கிறது. வேறு வழியில்லாதவனின் அலைச்சலில் சிரிப்பு இருக்கலாம், ஆனால் அது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு.

1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வந்த 'தொன் கிஹோத்தே'யில் இந்த வகையின் உறுப்புகள் அனைத்தும் ஏற்கெனவே கூடியிருக்கின்றன: புத்தகம் படித்துத் தலையில் ஒரு திட்டத்தை ஏற்றிக்கொண்ட பயணி, அவருக்குத் துணையாக நிலத்தில் கால் ஊன்றிய ஒரு தோழன், ஓடத் தெரியாத குதிரை, கோட்டை என்று தவறாக எண்ணப்படும் சத்திரம். காற்றாலைகளோடு போரிடும் காட்சியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால் அதைக் கடந்து, அதிகம் பேசப்படாத ஓரிடத்தைப் பார்ப்பது பயனளிக்கும். இரண்டாம் பாகத்தின் 20ஆம் அத்தியாயத்தில் கமாச்சோ என்னும் பணக்காரக் குடியானவனின் கல்யாண விருந்து வருகிறது. முழு மாடு ஒன்று முழு மரத்தில் கோக்கப்பட்டு நெருப்பில் வேகிறது. அதன் வயிற்றுக்குள் பன்றிக்குட்டிகளை வைத்துத் தைத்திருக்கிறார்கள். பசி தாங்காத வேலைக்காரத் தோழன் சாஞ்சோ, கொதிக்கும் அண்டாவில் ஒரு ரொட்டித் துண்டைத் தோய்த்துக்கொள்ளலாமா என்று சமையற்காரரைப் பணிவோடு கேட்கிறான். பந்தி தொடங்கும்வரை பொறுத்துக்கொள்ள ஏதாவது மேலாக எடுத்துக்கொள் என்று சொல்லும் சமையற்காரர், சாஞ்சோவிடம் கரண்டி இல்லாததைக் கண்டு, ஒரு பானையையே அண்டாவுக்குள் முக்கி மூன்று கோழிகளையும் இரண்டு வாத்துகளையும் அள்ளிக் கொடுக்கிறார். எசமானர் கல்யாணக் கொண்டாட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, வேலைக்காரன் பானையை அணைத்துக்கொண்டு நிற்கிறான். நாட்டுப்புறம் இங்கே ஓவியம்போல் எழுதப்பட்ட அழகிய பின்னணி அன்று. அது சோறு, எண்ணெய், விறகு, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு. புத்தகத்திலிருந்து உலகத்தைப் படித்தவருக்கு அந்தக் கணக்கு புரிவதில்லை என்பதே சிரிப்பின் வேர்.

இந்தக் கணக்கு எல்லாவற்றையும்விடத் தெளிவாக வெளிப்படும் இடம் சத்திரம். வீரர்கள் தங்குமிடத்துக்குக் காசு கொடுத்ததாக எந்த நூலிலும் படித்ததில்லை என்று சொல்லித் தொன் கிஹோத்தே கிளம்பிவிட, அகப்பட்டுக்கொண்ட சாஞ்சோவைச் சத்திரத்தில் இருந்தவர்கள் போர்வையில் போட்டு மேலே தூக்கித் தூக்கி எறிகிறார்கள். ஃபீல்டிங்கின் பாதிரியார் ஆதம்ஸ் கையில் காசில்லாமல் விடுதிக் கடனில் மாட்டிக்கொள்கிறார். இக்குவின் பயணிகளான யாஜியும் கிட்டாவும் உடைத்த பொருளுக்கு ஈடு கட்டுகிறார்கள். பயணம் எவ்வளவு பைத்தியக்காரத்தனமானதாக இருந்தாலும் காலையில் சத்திரக்காரர் கணக்கை நீட்டியே தீருவார் என்பது இந்நாவல்களைத் தரையோடு பிணைக்கும் கயிறு. அந்தக் கயிறு அறுந்த நாவல்கள் வெறும் கூத்தாக முடிந்திருப்பதைக் காணலாம்.

ஹென்றி ஃபீல்டிங், 1742இல் வெளியிட்ட 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' நாவலின் முகப்பிலேயே அது செர்வாந்தேஸின் பாணியைப் பின்பற்றி எழுதப்பட்டது என்று அறிவித்தார். முன்னுரையில், இத்தகைய படைப்பை உரைநடையில் அமைந்த நகைச்சுவைக் காவியம் என்று வரையறுத்து, நகைப்புக்கு உண்மையான ஊற்று பாசாங்குதான் என்றும், அந்தப் பாசாங்கு வீண்பெருமையிலிருந்தோ கபடத்திலிருந்தோ வருகிறது என்றும் விளக்கினார். ஏழ்மையோ ஊனமோ தம்மளவில் சிரிப்புக்கு உரியன அல்ல என்று அவர் அதே இடத்தில் அழுத்திச் சொன்னது, இந்த வகை முழுவதையும் மதிப்பிட இன்றும் பயன்படும் அளவுகோல்.

அந்த அளவுகோலை ஃபீல்டிங் எப்படிச் செயலில் காட்டினார் என்பதற்கு முதல் புத்தகத்தின் 12ஆம் அத்தியாயம் சான்று. லண்டனில் வேலையை இழந்து, இரவில் கால்நடையாகத் தன் கிராமத்தை நோக்கிப் புறப்பட்ட ஜோசப்பைத் திருடர்கள் அடித்து, உடைகளை உரிந்து, பள்ளத்தில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். அவ்வழியே வரும் பயணியர் குதிரை வண்டியில், முனகலைக் கேட்டு வண்டியை நிறுத்தச் சொல்பவன் முன்குதிரையில் அமர்ந்திருக்கும் பையன் ஒருவன்தான். நேரமாயிற்று என்கிறான் வண்டிக்காரன். ஆடையில்லாதவன் என்று கேட்டதும் சீமாட்டி ஒருத்தி பதறுகிறாள். நாமும் கொள்ளை போவோம் என்கிறார் முதியவர் ஒருவர். வழக்கறிஞர் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். இரக்கத்தால் அன்று, அவன் செத்துவிட்டால் கடைசியாகப் பக்கத்தில் இருந்தவர்கள் என்று தங்கள்மீது வழக்கு வரும் என்ற அச்சத்தால். பெண்கள் இருக்கும் வண்டியில் போர்த்திக்கொள்ள ஏதுமின்றி ஏறமாட்டேன் என்று ஜோசப் மறுக்க, இரண்டு மேலங்கி வைத்திருக்கும் வண்டிக்காரன் உட்பட எவரும் தங்கள் துணி இரத்தக்கறை படுவதை விரும்பவில்லை. கடைசியில் அந்தக் குதிரைக்காரப் பையன் தன்னிடம் இருந்த ஒரே மேலங்கியைக் கழற்றிக் கொடுக்கிறான். பின்னாளில் அதே பையன் கோழிக்கூண்டில் திருடியதற்காக நாடு கடத்தப்பட்டான் என்று ஆசிரியர் இடையிலேயே போகிற போக்கில் குறிப்பிடுகிறார். நகைச்சுவை நாவலில் இதைவிடக் கடுமையான சமூக விமர்சனம் ஒரே வாக்கியத்தில் அடங்கியிருப்பது அரிது.

ஜோசப்பின் துணையாக வரும் பாதிரியார் ஆதம்ஸ் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தவர். தம் பிரசங்கங்களை அச்சிட்டு விற்றுப் பணம் பெறலாம் என்று லண்டனுக்குக் கிளம்பிய அவர், பாதி வழியில் பையைத் திறந்தபோது பிரசங்கக் கட்டு வீட்டிலேயே தங்கிவிட்டதை அறிகிறார். பயணத்தில் எழுத்தைவிடச் சட்டை அவசியம் என்று நினைத்த மனைவி அதற்குப் பதிலாகச் சட்டைகளை வைத்து அனுப்பியிருந்தாள். இருவருக்கும் ஒரே குதிரை என்பதால், ஒருவர் கொஞ்ச தூரம் ஏறிப் போய்க் குதிரையைக் கட்டிவிட்டு நடக்கத் தொடங்குவதும், பின்னால் நடந்து வருபவர் அந்த இடத்தில் ஏறிக்கொள்வதுமான முறையில் ஊர் திரும்ப முயல்கிறார்கள். அந்தக் குதிரைக்குத் தின்னக் கொடுத்த தானியத்துக்குக் காசு கொடுக்க மறந்துவிட்டு முன்னால் நடந்துபோய்விடுபவர் ஆதம்ஸ். பணம் கேட்டுப் போனால், பன்றி வளர்க்கும் டிரல்லிபர் என்ற பாதிரியார் அவரைப் பன்றி வாங்க வந்தவர் என்று நினைத்துக் கொட்டிலுக்குள் தள்ளுகிறார். உண்மை தெரிந்தபின் கடன் தர மறுக்கிறார். உதவுபவர் தெருத்தெருவாய்ப் பொருள் விற்கும் ஏழை வியாபாரி ஒருவர். கிரேக்க இலக்கியம் முழுவதையும் மனத்தில் வைத்திருக்கும் ஆதம்ஸ், மனிதர்களைப் பற்றி ஒன்றும் அறியாதவர். ஆயினும் வாசகர் அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது அவரைவிடத் தாழ்ந்தவராகவே தம்மை உணர்கிறார். செர்வாந்தேஸிடமிருந்து ஃபீல்டிங் கற்றுக்கொண்ட உயர்ந்த பாடம் இது.

பிரிட்டிஷ் நாவலாசிரியர் ஸ்மோலட் தம் இறப்பாண்டான 1771இல் வெளியிட்ட 'ஹம்ஃப்ரி கிளிங்கர்' வேறொரு வழியைக் கண்டது. பிரம்பிள் என்னும் வேல்ஸ் நாட்டு முதியவரும் குடும்பத்தாரும் பிரிட்டன் முழுவதும் சுற்றுவதை ஐந்து பேரின் கடிதங்கள் சொல்கின்றன. ஒரே ஊர் முதியவருக்குச் சாக்கடையாகவும் இளம்பெண்ணுக்குச் சொர்க்கமாகவும் தெரிகிறது. உத்தி அருமையானது. ஆனால் வேலைக்காரப் பெண் வின் ஜென்கின்ஸின் எழுத்துப்பிழைகளில் பெற முயலும் சிரிப்பு, படிக்க வாய்ப்பில்லாதவளைக் குத்துவதாகவே இன்று ஒலிக்கிறது. ஃபீல்டிங் வகுத்த எல்லையை ஸ்மோலட் தாண்டிய இடம் அது.

ஐரோப்பாவோடு தொடர்பின்றி இதே வடிவம் ஜப்பானில் வளர்ந்தது, இது ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதிய வகை மட்டுமன்று என்பதை உறுதிப்படுத்துகிறது. இன்றைய டோக்கியோவான எடோவிலிருந்து கியோட்டோ வரை 53 தங்கல் நிலையங்களைக் கொண்ட தொகைடோ நெடுஞ்சாலையில், யாஜி, கிட்டா என்னும் இரு நகரத்து உதவாக்கரைகள் நடந்துபோவதை இக்கு 1802 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். முதலில் ஹகோனே மலைவரை வந்து நின்றுவிடுவதாக இருந்த கதை, வாசகர் வரவேற்பால் ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஒதவாரா ஊர்ச் சத்திரத்தில் நடக்கும் குளியல் இதன் புகழ்பெற்ற காட்சி. அங்கே குளியல் தொட்டிக்கு அடியில் நேராக நெருப்பு எரியும். நீரின்மேல் மிதக்கும் பலகையைக் காலால் அமிழ்த்தி அதன்மேல் நின்றுகொள்ள வேண்டும். பலகையை மூடி என்று நினைத்து எடுத்துவிட்ட யாஜி காலைச் சுட்டுக்கொள்கிறான். ஆனால் நகரத்தான் ஒருவன் கிராமத்துச் சத்திரத்தில் எப்படிக் குளிப்பது என்று கேட்பதா என்ற வீம்பில், கழிப்பறை வாசலில் கிடந்த மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குகிறான். அடுத்து இறங்கும் கிட்டா அதே செருப்போடு குதிக்கத் தொட்டியின் அடி உடைந்து நீரெல்லாம் ஓடிவிடுகிறது. கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள் என்பதே காட்சியின் உயிர். இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது: இவ்விருவரும் எதற்காக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள் என்பதைச் சொல்லும் தொடக்கப் பகுதியை இக்கு 1814இல், தொகைடோப் பயணத்தை எழுதி முடித்தபின்புதான் வெளியிட்டார். இத்தகைய நாவலில் காரணம் பிறகு வரலாம். சாலை முன்னே வந்துவிட வேண்டும்.

டிக்கன்ஸின் 'பிக்விக்' 1836 ஏப்ரல் முதல் 1837 நவம்பர் வரை மாதாந்தரத் தொடராக வந்தது. சாம் வெல்லர் என்னும் வேலைக்காரன் கதையில் நுழைந்தபின் விற்பனை பெருகி, முடிவில் 40,000 படிகளை எட்டியது. சாலையிலிருந்து தோழன் ஒருவன் கிடைக்கும்வரை பயணி முழுமை பெறுவதில்லை என்பதற்கு இது வணிக வழிச் சான்று. ஐந்தாம் அத்தியாயத்தில், நகரத்துக் கனவான்கள் நால்வர் கைக்கு அடங்காத குதிரைகளோடு கிராமத்துக்குக் கிளம்பி, வண்டியை உடைத்துக்கொண்டு, எஞ்சிய ஒரு குதிரையை யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்றால் திருட்டுக் குதிரையோ என்ற ஐயத்தில் எவரும் வாங்க மறுக்க, அதை இழுத்துக்கொண்டே நடக்கிறார்கள். டிக்கன்ஸ் எழுதிய காலத்தில் குதிரை வண்டிகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில் பாதை 1830இலேயே திறக்கப்பட்டிருந்தது. கதையை அவர் சில ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளி 1827இல் தொடங்கினார்.

இரயில் இந்த வகைக்குச் செய்த தீங்கு பெரிது. தண்டவாளத்தில் ஓடுவது வழிதவறாது, சத்திரத்தில் நிற்காது, ஊருக்குள் கவிழாது. எனவே பின்வந்த எழுத்தாளர்கள் தண்டவாளத்துக்கு வெளியே செல்லும் மெதுவான ஊர்திகளைத் தேடிப் போனார்கள். ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் தேம்ஸ் நதியில் துடுப்புப் படகை எடுத்தார். வெல்ஸ், 1896இல் எழுதிய நாவலில், துணிக்கடை ஊழியர் ஒருவரை மிதிவண்டியில் ஏற்றித் தென்னிங்கிலாந்துச் சாலைகளில் விட்டார். தாமே துணிக்கடையில் பயிற்சி ஊழியராக உழைத்தவர் என்பதால் அந்த ஊழியரின் பத்து நாள் விடுப்பின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கரான கிறிஸ்டோபர் மார்லியின் 'பார்னசஸ் ஆன் வீல்ஸ்' 1917இல் வந்தது. அதில் பயணம் போவது ஒரு பெண், அதுவும் 39 வயதில், அண்ணனுக்குச் சமைத்துப்போட்டுச் சலித்துப்போனவள். அண்ணன் ஏற்கெனவே எழுத்தாளராகி ஊர்சுற்றத் தொடங்கியிருக்க, குதிரை பூட்டிய நடமாடும் புத்தகக் கடையை விற்க ஒருவர் வாசலுக்கு வருகிறார். அண்ணன் கண்ணில் பட்டால் வாங்கிவிடுவான் என்ற பயத்தில், கார் வாங்கச் சேர்த்த பணத்தில் 400 டாலர் கொடுத்துத் தானே வாங்கி, ஹெலன் மெக்கில் அன்றே கிளம்பிவிடுகிறாள். அதுவரை இவ்வகை நாவல்களில் பெண்கள் பெரும்பாலும் சத்திரத்தில் பரிமாறினார்கள் அல்லது வண்டிக்குள் அமர்ந்து அஞ்சினார்கள், கடிவாளத்தைப் பிடித்தது அரிது. சிறிய நூலாயினும் இந்த ஒரு மாற்றத்துக்காகவே அதற்கு வரலாற்றில் இடமுண்டு.

கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' 1842இல் வந்தது. காலவரிசையில் முன்னே வரவேண்டிய இதைத் தள்ளிவைத்ததற்குக் காரணம், எதிர்பாராமை என்பதன் பொருளை இந்நாவல்போல வேறெதுவும் காட்டவில்லை என்பதே. பண்ணையடிமைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிலக்கிழார்கள் வரி கட்டினார்கள். ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இறந்தவர்கள் ஏட்டில் உயிரோடே இருந்தார்கள். அந்தப் பெயர்களை மலிவாக வாங்கி, உயிருள்ளவர்கள் என்று காட்டி அடகு வைத்துப் பணம் பெறுவது கதைநாயகர் சிச்சிகோவின் திட்டம். மூன்றாம் அத்தியாயத்தில், சொபகேவிச் என்பவரின் பண்ணைக்குப் போக வேண்டிய அவரை, குடித்திருக்கும் வண்டிக்காரன் செலிஃபான் இடிமழையில் வழிதவறச் செய்து சேற்றில் கவிழ்க்கிறான். நாய்கள் குரைக்கும் திசையைப் பிடித்துப் போய் கொரோபோச்கா என்ற விதவையின் வீட்டில் சேர்கிறார்கள். அவள் இடம் கொடுத்து, இறகு மெத்தை போட்டு, சேறு படிந்த உடையைச் சுத்தம் செய்யச் சொல்கிறாள். மறுநாள் பேரம் தொடங்குகிறது. செத்தவர்களை விற்பதா என்று அவள் அதிர்ச்சி அடைவதில்லை. புதுச் சரக்கு, விலை தெரியாது, வேறு வியாபாரிகள் வரட்டும், விசாரித்துச் சொல்கிறேன் என்கிறாள். பண்ணை வேலைக்கு அவர்கள் எப்போதாவது பயன்படலாமே என்றும் யோசிக்கிறாள். மோசடிக்காரரின் பொறுமை உடைந்து நாற்காலியை ஓங்கித் தரையில் மோதுகிறார்.

சிச்சிகோவை வழிகாட்டிச் சாலையில் விட்டுவர அனுப்பப்படும் சிறுமிக்கு வலது எது, இடது எது என்று தெரியாது. ஆனால் வழி தெரியும். அவள் சரியாகக் கொண்டு சேர்க்கிறாள். விற்ற பெயர்களுக்குக் குறைந்த விலை பெற்றுவிட்டோமோ என்ற கவலையில் தூக்கமிழந்த கொரோபோச்கா, பின்னர், செத்த அடிமைகளின் சந்தை விலையை விசாரிக்க நகரத்துக்கே வண்டி கட்டி வந்துவிட, சிச்சிகோவின் குட்டு அம்பலமாகிறது. திட்டமிட்டுச் சென்று சந்தித்தவர்களில் பலரைச் சமாளிக்க முடிந்த ஒருவர், திட்டமில்லாமல் தங்கிய ஒரு வீட்டால் கவிழ்கிறார். ருஷ்யத் திறனாய்வாளர் மிஹயீல் பக்தின், சாலை என்பது பிறப்பாலும் தகுதியாலும் பிரிக்கப்பட்டவர்கள் தற்செயலாகச் சந்திக்கும் களம் என்று விளக்கியது இவ்வகை ஆய்வுகளுக்கு அடிப்படையாக அமைந்தது. அது உண்மை; எனினும் இந்நாவல்களின் தீர்மானமான சந்திப்புகள் பெரும்பாலும் சாலையில் நடப்பதில்லை, சாலையை இழந்த இடத்தில் நடக்கின்றன.

தமிழில் இதற்கு நேரான மரபு வளரவில்லை எனினும் தொடக்கங்கள் இருந்தன. இத்தாலியரான வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கப் படும் பாடும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி ஏமாறுவதும் நாவல் ஆகா, ஆனால் அவை பயண நகைச்சுவையே. பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அது 1822இல் லண்டனில் அச்சேறியது. தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும், 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும் கதாநாயகன் வேட்டைக்குப் போன இடத்தில் யானையால் தூக்கிச் செல்லப்பட்டு அறியாத நாட்டைச் சேர்கிறான். வேதநாயகம் பிள்ளைக்கு நகைச்சுவை இயல்பாக வந்தது. அறிவுரை அதைவிட எளிதாக வந்தது என்பதால் அந்தப் பயணம் நீதிக்கதையாக மாறிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வடிவத்துக்கு மீண்டும் உயிர் தந்தவர் பின்லாந்தின் ஆர்த்தோ பாசிலின்னா. 1975இல் வந்த 'முயலின் ஆண்டு' நாவலில், வத்தனென் என்ற பத்திரிகையாளர் சென்ற கார் ஒரு முயல்குட்டியின்மேல் மோதுகிறது. அதைத் தேடிக் காட்டுக்குள் போனவர் திரும்பி வருவதில்லை. மனைவி, வேலை, வீடு எல்லாவற்றையும் விட்டு, முயலைச் சட்டைப்பையிலும் கூடையிலும் வைத்துக்கொண்டு வடக்கு நோக்கிப் போகிறார். காட்டுத்தீ, கால்நடை மருத்துவம், மரம் வெட்டும் கூலி வேலை, கரடி வேட்டை என்று போகும் கதையில் ஆசிரியர் காட்டுவேலையை அறிந்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. வத்தனெனுக்கு எந்தக் கொள்கையும் இல்லை, உபதேசமும் இல்லை. முயலுக்குத் தீனி வேண்டும், அவ்வளவுதான். 2009இல் சுவீடனின் ஜோனாஸ் ஜோனாசன், நூறாவது பிறந்தநாளில் முதியோர் இல்லச் சன்னல் வழியே தப்பும் கிழவரை எழுதி உலகப் புகழ் பெற்றார். கிளம்பும் காட்சி அபாரம். ஆனால் கிழவரை ஒன்றுமே தொடுவதில்லை; வழியில் மனிதர்கள் சாகிறார்கள், யானை வருகிறது, எதற்கும் கணக்குத் தீர்க்க வேண்டியதில்லை. சத்திரக்காரர் காசு கேட்காத பயணம் அது; ஆகவே இருநூறு பக்கங்களுக்குமேல் சிரிப்பு இயந்திரமாகிவிடுகிறது.

இவ்வகையைப் படிக்கத் தொடங்கும் தமிழ் வாசகர், பெரும்பாலோர் செய்வதுபோல, முதல் பாகத்தின் எட்டாம் அத்தியாயத்தில் வரும் காற்றாலைகளோடு தொன் கிஹோத்தேயை மூடிவைத்துவிடக் கூடாது. அதன் சிறந்த பகுதி இரண்டாம் பாகம். அதற்கு முன், கோகோலின் மூன்றாம் அத்தியாயத்தை ஒரே அமர்வில் படிப்பது நல்ல தொடக்கமாக அமையும்.